பத்து வயசுக்கு எழுதிய மாத்திரை

1989 ஆகஸ்ட் 7, திங்கட்கிழமை காலையில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்புகளுக்கு வால்வு செய்யும் ஒரு கம்பெனியின் கேட்டில் கதவடைப்பு நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

அந்தக் கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னராக இருந்த கன்னியப்பனின் வீட்டில் நாய்க்கு உடம்பு கெட்டது அக்டோபரில், மழை பிடித்துக்கொண்ட வாரத்தில். முதலில் தண்ணீர்தான். வைத்த தண்ணீரையெல்லாம் குடித்தது. குடத்தடியில் சிந்திக் கிடந்ததையும் நக்கியது. அப்புறம் சோறு வேண்டாமென்றது. கருவாட்டுத் தலையை முகத்துக்கு நேராகக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது.

ஜூலி வெள்ளைச் சடை நாய். ஆவடியில் விமானப்படைக் குடியிருப்பில் ஓர் ஆபீசர் வீட்டில் நாகவல்லி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த நாளில், மாற்றலாகி வடக்கே போன அந்தக் குடும்பம் கொடுத்துவிட்டுப் போன குட்டி. அப்பன் பொமரேனியன் என்று அந்த வீட்டம்மா சொன்னாள். அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனூரில் மின்சார ரயில் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஓட்டு வீட்டில் அது வளர்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. நாகவல்லி அதைச் சின்னப் பொண்ணு என்பாள். பெரிய பொண்ணு தாயம்மா, ஐந்தாம் வகுப்பு. "பெரிசு தின்னுச்சு, சின்னது இன்னும் தின்னல" என்று அவள் சொல்வதைக் கேட்ட புது ஆட்கள், இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றுதான் நினைப்பார்கள்.

கதவடைப்புக்கு முன்னால் கன்னியப்பன் அந்த நாயை அதிகம் கவனித்ததில்லை. இப்போது நாகவல்லி காலையில் ஏற்றுமதித் துணிக் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போய்விடுவாள். தாயம்மா பள்ளிக்கூடம் போய்விடும். வீட்டில் அவனும் ஜூலியும்தான். தெருவில் இறங்கினால் எதிர்ப்படுகிறவன் எல்லாம் கம்பெனி எப்போது திறக்கும் என்று கேட்டான். கடைக்காரர்கள் அதைக்கூடக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஜூலி மட்டும் அவன் வாசல்வரை போய்த் திரும்பினாலும் ஷிப்ட் முடிந்து வந்தவனைப் பார்ப்பது போல வாலை ஆட்டிக்கொண்டு வரும். வால் ஆடுவது நின்றதைத்தான் அவன் முதலில் கண்டான்.

கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். டாக்டர் கோமாரித் தடுப்பூசிக்காகக் கிராமங்களுக்குப் போயிருந்தார். பசுவும் எருமையும் கட்டிய மரத்தடியில் இருந்த பணியாள், அவர் வர இரண்டு நாள் ஆகும், அவசரமென்றால் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் சாயங்காலத்தில் மட்டும் திறக்கிற ஒரு டாக்டர் இருக்கிறார் என்று சொன்னான். அன்றைக்கே சைக்கிள் கேரியரில் கூடை கட்டி, கூடைக்குள் நாயை உட்காரவைத்து, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு தள்ளிக்கொண்டே போனான்.

தனியார் டாக்டர் நிதானமான மனுஷர். வயிற்றைத் தொட்டு அழுத்தினார். வாலைத் தூக்கிப் பார்த்தார். கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கிறது, குட்டி போடாத பெட்டைகளுக்கு இந்த வயதில் வரும், மருந்தால் போகாது, பையையே எடுத்துவிட வேண்டும் என்றார். அவர் செய்தால் இன்ன தொகை ஆகும் என்று சொன்ன தொகை, கம்பெனி ஓடிய காலத்தில் கன்னியப்பன் வாங்கிய ஒரு மாதச் சம்பளம். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"வேப்பேரி கால்நடைக் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போ. செலவு ரொம்பக் கம்மி. கூட்டம் இருக்கும், காத்திருக்கணும். ஆனா நல்லாப் பண்ணுவாங்க. ஒண்ணே ஒண்ணு, நாளைக்கே போ. தள்ளிப் போடாதே."

ஒரு ஊசி போட்டார். பார்த்ததற்கு மட்டும் பாதிக் கட்டணம் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் நாகவல்லி மறுநாள் லீவு சொல்லிவிட்டுத் தானும் வருவதாகச் சொன்னாள். கன்னியப்பன் பிடி கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு முனியன் கேட்காமலே வந்து, வேப்பேரியில் படிக்கிற பையன்கள்தான் கத்தி பிடிப்பார்கள், கைப்பழக்கத்துக்கு அறுப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். முனியன் வேப்பேரிப் பக்கமே போனவனில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு கன்னியப்பன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. அதைவிட முக்கியமாக, திங்கட்கிழமை பேச்சுவார்த்தை என்று யூனியனில் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை முடிந்தால் செவ்வாய்க்கிழமை கேட் திறக்கும். கேட் திறந்தால் அட்வான்ஸ் கிடைக்கும். அட்வான்ஸ் கிடைத்தால் அந்த ஓ.டி. டாக்டரிடமே போய்விடலாம். அதுவரை ஜுரமும் வலியும் அடங்கினால் போதும். இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனான்.

"திங்கக்கெழம திங்கக்கெழமன்னு ரெண்டு மாசமா சொல்லிகினு கீற. அது வயித்துக்குத் தெரியுமா உன் திங்கக்கெழம?" என்றாள் நாகவல்லி.

அவன் ஜுரத்துக்கு மருந்து வாங்க வழி யோசித்துக்கொண்டிருந்தான். கையில் காசில்லாத வீட்டில் இன்னும் செல்லுபடியாக இருந்தது ஈ.எஸ்.ஐ. அட்டை ஒன்றுதான். தொழிலாளியும் பெண்டாட்டியும் பிள்ளைகளும் போனால் மருந்து சும்மா கிடைக்கும்.

நாய்க்கு மருந்து அளவோடு கொடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். லேத்தில் நூலிழை பிசகினால் வேலை கெடும் என்று பழகிய கை. அதனால் வெள்ளிக்கிழமை காலையில் ஜூலியை ஒரு சாக்கில் வைத்து வேம்புலியின் பழைய பேப்பர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

"இன்னா மச்சான், கிலோ இன்னா வெலைக்குப் போடற?" என்றான் வேம்புலி. சாக்குக்குள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கொக்கித் தராசில் மெதுவாக மாட்டி, பன்னிரண்டு கிலோ என்று சொன்னான்.

ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் வரிசை வாசல்வரை நின்றது. பாதிப் பேர் அவனோடு கேட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள்தான். உள்ளே போனதும் கன்னியப்பன் பொண்ணுக்கு ஜுரம், உடம்பு வலி, எழுந்து நடக்க முடியவில்லை என்று சொன்னான். வயிற்றைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. டாக்டர் அட்டையைப் பார்த்தார். தாயம்மா, வயது பத்து. பிள்ளையைக் கொண்டுவராமல் எப்படி மருந்து எழுதுவது என்று கேட்டார். தூக்கிவர முடியவில்லை, நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்றான். அவர் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் அவன் அதைச் சொன்னான்.

"வெயிட்டு பன்னெண்டு கிலோ சார்."

டாக்டர் நிமிர்ந்தார்.

"பத்து வயசுப் பொண்ணு பன்னெண்டு கிலோவா? எங்க போட்ட எடை?"

"பேப்பர் கடையில சார்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அவன் பேப்பர் வாங்கற தராசுய்யா அது. எதைப் போட்டாலும் பாதிதான் காட்டும்" என்றார். பத்து வயதுக்கு உரிய அளவை எழுதினார். சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கொடுக்க வேண்டும், நாளைக்குக் கட்டாயம் பிள்ளையைக் கொண்டுவர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். கன்னியப்பன் நின்றான். வேம்புலியின் தராசு சரியானதுதான், அவன் தனக்காகக் கொக்கியை விரலால் தாங்காமல் போட்ட எடை அது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி வரும். பின்னால் இருந்தவன் முதுகில் தட்டினான். அவன் நகர்ந்தான்.

ஜன்னலில் உருண்டை வெள்ளை மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். அதில் பெயர் ஒன்றும் இல்லை. படித்த டாக்டர் பிள்ளைக்கு எழுதினது, வாயில்லாத ஜீவனுக்கு என்ன செய்துவிடும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். வெல்லத்தில் பொதித்துக் கொடுத்தான். சாப்பாட்டுக்கு அப்புறம் என்பது நடக்கிற காரியமாக இல்லை. அது சாப்பிட்டால்தானே.

முதல் நாள் ஜுரம் இறங்கினது போலத்தான் இருந்தது. ஜூலி எழுந்து வாசல்வரை போனது. தாயம்மா பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைக் கட்டிக்கொண்டு, "அப்பா, சின்னது நடக்குது பாரு" என்று கத்தியது. கன்னியப்பன் முனியனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டாம் நாள் நாய் வாந்தி எடுத்தது. காப்பித் தூளைக் கரைத்துக் கொட்டினது போலக் கறுப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அது எழுந்திருக்கவில்லை. ஈறு சுண்ணாம்பு போல வெளுத்துவிட்டது. வயிற்றுவலி போகட்டும் என்று கடைசி முழு மாத்திரையையும் அவனே அதன் வாயைத் திறந்து தொண்டைக்குள் போட்டிருந்தான்.

திங்கட்கிழமை பேச்சுவார்த்தைக்கு அவன் போகவில்லை. நாகவல்லி வேலைக்குப் போகிறபோது வாசலில் நின்று, "தோ பாரு, அது செத்து, நீ கம்பெனி தொறக்கும்னு ஒக்காந்துகினு இருந்தேன்னு வை, நான் பெரிய பொண்ண இட்டுகினு எங்கம்மா ஊட்டுக்குப் பூடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அப்படிச் சொல்கிறவளில்லை.

நாயோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஆட்டோவுக்கு வழியில்லை. பழைய போர்வையில் ஜூலியைத் தலைவரை சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணனூர் ஸ்டேஷனில் கூடைக்காரர்கள் ஏறும் பெட்டியில் ஏறினான். கீரைக் கட்டும் மீன் கூடையும் நிறைந்த பெட்டி. திருமுல்லைவாயிலில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். கன்னியப்பன் போர்வையை இறுக்கினான். அவர் கிட்டே வந்து என்ன அது என்று கேட்டார்.

"பொண்ணு சார். ஒடம்பு சரியில்ல."

போர்வையின் அடியில் வெள்ளை வால் நுனி தொங்கிக்கொண்டிருந்ததை அவன் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த கீரைக்காரி பொன்னியம்மா பார்த்துவிட்டாள். தன் முருங்கைக் கீரைக் கட்டை எடுத்து அவன் இடுப்போடு சாய்த்து வைத்தாள்.

"எங்கூட்டுப் பேத்திதான் சார். அம்ம போட்டுக்கீது, கிட்ட வராத, ஒட்டிக்கும்" என்றாள்.

பரிசோதகர் அடுத்த பக்கம் போய்விட்டார். ரொம்ப நேரம் கழித்துப் பொன்னியம்மா குனிந்து, "மூச்சு கீதா நைனா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றான். அவன் கை நாயின் விலாவிலேயே இருந்தது. சில சமயம் அது நின்றுவிட்டதாகத் தோன்றும். வண்டியின் அதிர்வா மூச்சா என்று தெரியாமல் அவனே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான்.

சென்ட்ரலில் இறங்கி மழைத் தண்ணீரில் நடந்து வேப்பேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தான். சீட்டுப் போட்டு வரிசையில் நின்றான். முன்னால் ஓர் ஆட்டுக்காரன், ஒரு பர்தா அணிந்த அம்மாள் கூண்டுக் கிளியோடு. அவன் பின்னால் வந்து நின்றவர் தும்மினார். அந்தத் தும்மலைக் கன்னியப்பன் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுபிடிப்பான். கம்பெனியில் அவன் ஷிப்டின் சூப்பர்வைசர் பார்த்தசாரதி. கையில் சங்கிலி, சங்கிலியில் காது சீழ் பிடித்த ஓர் அல்சேஷன்.

"என்ன கன்னியப்பா, உன் நாயா?"

"ஆமா சார்."

"இன்னிக்குப் பேச்சுவார்த்தை இல்ல? நீ இங்க நிக்கற."

"இதுக்கு முடியல சார்."

"லாக்அவுட்டுல நாய் வைத்தியம் பாக்கற அளவுக்கு வசதி இருக்கு. வெளிய கொடி புடிக்கறவன்லாம் பட்டினி பட்டினிங்கறான்" என்று அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை. ஷிப்டில் இருந்தபோதும் அப்படித்தான் பேசுவார். ஆனால் திறக்கிறபோது யாரை உள்ளே விடுவது, யாரை விடாமலிருப்பது என்று நிர்வாகம் இந்தச் சூப்பர்வைசர்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது கேட்டுக்கு வெளியே நிற்கிற எல்லாருக்கும் தெரியும். பீடி பிடித்தவன், வருகை டோக்கனை மாற்றிப் போட்டவன் என்று பழைய குப்பையெல்லாம் கிளறிக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கன்னியப்பனின் முறை வந்தது. இளம் வயது டாக்டரம்மா. சுற்றிலும் மாணவர்கள் நின்றார்கள். யாரும் கத்தியைத் தொடவில்லை. அவர் போர்வையை விலக்கி வயிற்றைத் தொட்டதுமே கர்ப்பப்பை என்றார். ஈறைத் தூக்கிப் பார்த்ததும் முகம் மாறியது.

"இதுக்கு இவ்வளவு வெளுக்காதே. வாந்தி கறுப்பா இருந்துதா?"

இருந்தது என்றான்.

"என்ன மாத்திரை குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல மேடம்."

பார்த்தசாரதி இரண்டடி தள்ளி நின்று அல்சேஷனின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவனைப் பார்த்தபடியே இருந்தார். கர்ப்பப்பையை இன்றைக்கே எடுக்க வேண்டியதுதான் என்றும், ஆனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிற மாதிரி தெரிகிறது என்றும், ஏதாவது வலி மாத்திரை கொடுத்திருந்தால் கத்தி வைத்த இடத்தில் ரத்தம் உறையாது என்றும் சொன்னார். அப்படி இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் அறுக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதே மேஜைக்குக் கொண்டு போகலாம்.

"குடுக்கலன்னா குடுக்கலன்னு சொல்லுங்க. நான் இப்பவே ஆபரேஷனுக்கு எழுதறேன். உங்க வார்த்தைய நம்பித்தான் எழுதறேன்."

பேனா சீட்டின் மேல் இருந்தது. ஜூலி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது போலிருந்தது. பார்க்காமலும் இருந்திருக்கலாம். கன்னியப்பன் சட்டைப் பையில் கை விட்டான். காகித மடிப்பில் அரை மாத்திரை ஒன்று இருந்தது, முன்பு கீழே விழுந்து உடைந்ததில் மிஞ்சியது. எடுத்து மேஜையில் வைத்தான்.

டாக்டரம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். "இதுல பேரே இல்லையே. எங்க வாங்கினது?"

மெடிக்கல் ஷாப் என்று சொல்லலாம். எந்த மெடிக்கல், என்ன மாத்திரை என்று அடுத்த கேள்வி வரும். அவனுக்குப் பதில் தெரியாது. பதில் தெரியாத இடத்தில் நாய் செத்துப்போகும். பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்டது.

"ஈயெஸ்ஐ மாத்திர மேடம். ஜொரத்துக்கும் வலிக்கும் சேத்துக் குடுத்தாங்க. எம்பொண்ணு பேர்ல வாங்கினேன். பத்து வயசுக்கு எழுதினது."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் கிளிகூட அப்போது கத்தவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. எத்தனை நாளாக, எத்தனை வேளை என்று கேட்டு எழுதினார். "பிள்ளைக்குக் குடுக்கறத நாய் தாங்காது. வயிறு அரிச்சுப் போச்சு. நீங்க சொல்லாம இருந்திருந்தா மேஜையிலேயே போயிருக்கும்" என்றார். இரண்டு நாள் தினமும் வந்து சலைன் ஏற்ற வேண்டும், ஊசி போட வேண்டும், அதற்குள் பை உடைந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, உடையாமல் இருந்தால் அறுக்கலாம் என்றார். உடையுமா என்று கன்னியப்பன் கேட்டான். தெரியாது என்றார்.

வெளியே வரும்போது பார்த்தசாரதி அவனைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறவர் போல வாயைத் திறந்தார். அல்சேஷன் இழுத்தது. உள்ளே போய்விட்டார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அதே கூடைப் பெட்டி. முதல் நாள் நாகவல்லியும் வந்தாள். நாயின் கால்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிஸ்பென்சரியில் நடந்ததை அவன் வண்டியில் சொன்னபோது அவள் எடையைப் பற்றித்தான் கேட்டாள்.

"பன்னெண்டு கிலோன்னு சொன்னியா அந்த டாக்டருகிட்ட?"

"சொன்னேன். நம்பல."

"பொண்ணுன்னு சொன்னத நம்புனாரு" என்றாள் நாகவல்லி.

வியாழக்கிழமை அறுவை நடந்தது. ஜூலி பிழைத்தது. வயிற்றில் மழித்த இடத்தில் முடி வளரத் தை மாதம் ஆகிவிட்டது.

நவம்பர் கடைசியில் கம்பெனி திறந்தது. உள்ளே எடுத்துக்கொள்ளப்படாதவர்களில் கன்னியப்பனும் ஒருவன். மகளின் பெயரில் நாய்க்கு மருந்து வாங்கினான் என்று காரணம் சொன்னார்கள். யூனியன் அதை எதிர்த்து வாதாடவில்லை. அடுத்த ஆண்டு அவன் பாடியில் ஒரு சின்ன லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே ஈ.எஸ்.ஐ. கிடையாது.